மலை சொன்னதில் பாதி கற்பனை

வேலூரிலிருந்து பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டமான அந்த வருஷக் கடைசியில், ஊரில் அலுவலகங்களைவிட அதிகாரிகள் ஜாஸ்தியாக இருந்தார்கள். அலுவலகங்கள் கட்ட வேங்கிக்கால் பக்கம் இடம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதுவரைக்கும் சில இலாகாக்கள் கல்யாண மண்டபத்திலும், சில அரிசி மண்டி மாடியிலும் நடந்தன. மேஜை வந்த இடத்துக்கு நாற்காலி வரவில்லை. நாற்காலி வந்த இடத்துக்கு வேலை வரவில்லை. அப்படி நாற்காலி வந்தும் வேலை வராத ஒருவருக்காகத்தான் 'மாவட்டக் கற்பனை வளர்ச்சித் திட்டம்' ஏற்பட்டது என்று பொறாமைக்காரர்கள் சொன்னார்கள். அதன் தனி அலுவலர் பெயர் ஆதிமூலம்.

திட்டம் எளிமையானது. நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கற்பனை போதவில்லை என்று மேலிடத்துக்குத் தகவல் போயிருந்தது. எனவே வாரம் ஒரு கட்டுரைத் தலைப்பு அனுப்பப்படும். அதற்குப் பெயர் 'கற்பனைத் தூண்டுகோல்'. புதன்கிழமை மூன்றாவது பீரியடில் மாவட்டம் முழுக்க எல்லாப் பிள்ளைகளும் ஒரே சமயத்தில் கற்பனை செய்ய வேண்டும். அந்த நேரத்தில் சன்னலுக்கு வெளியே பார்க்கக் கூடாது. கற்பனை ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது. மழை காரணமாகப் புதன்கிழமை விடுமுறை விட்டால், கற்பனையைச் சனிக்கிழமை ஈடுசெய்ய வேண்டும்.

அடி அண்ணாமலைக்குச் சற்று முன்னால், மலை சுற்றும் பாதையை ஒட்டி ஒரு நடுநிலைப் பள்ளி இருந்தது. அதில் தமிழாசிரியை ராஜமதி. ஆரணிப் பக்கத்தில் ஒரு சமணக் கிராமத்திலிருந்து வேலைக்காக வந்து, டவுனில் வாடகைக்கு இருந்தாள். அச்சடித்து வருகிற காகிதத்தில் இருப்பதை யாரோ யோசித்துத்தான் எழுதியிருப்பார்கள் என்று நம்புகிற சுபாவம். அதனால் சுற்றறிக்கைகளை முழுசாகப் படிக்கிற ஒரே ஆள் அந்தப் பள்ளியில் அவள்தான். தலைமையாசிரியர் தசரதன், கையெழுத்துப் போட வேண்டிய இடம் எது என்பதை மட்டும் படிப்பார்.

திட்டத்தின் தொடக்க விழாவுக்கு எல்லாப் பள்ளித் தமிழாசிரியர்களையும் கல்யாண மண்டபத்துக்கு வரச் சொன்னார்கள். மணமக்கள் உட்காரும் மேடையில், முந்தின நாள் முகூர்த்தத்து வாழைமரம் இன்னும் அவிழ்க்கப்படாமல் நிற்க, ஆதிமூலம் பேசினார். நல்ல உயரம். கஞ்சி போட்ட சட்டை. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் முன்னால் மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டார்.

"ஆசிரியப் பெருமக்களே! நான் இருபத்தெட்டு வருஷம் இந்த இலாகாவில் கற்பனை என்ற ஒன்றே இல்லாமல் பணியாற்றியவன். எந்த ஃபைலிலும் சொந்தமாக ஒரு வார்த்தை சேர்த்ததில்லை. அந்த நம்பிக்கையில்தான் இந்தப் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள்."

கைதட்டினார்கள்.

"கற்பனை என்பது காட்டாறு. அதற்குக் கரை வேண்டும், மதகு வேண்டும், மதகைத் திறக்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான். பிள்ளைகள் சொந்தமாகக் கற்பனை செய்து சிரமப்படக் கூடாது என்பதால், ஒவ்வொரு தலைப்புக்கும் மாதிரிக் கற்பனை ஒன்றை இணைத்து அனுப்புகிறோம். அதைப் போலவே கற்பனை செய்தால் முழு மதிப்பெண். சற்று விலகினால் பாதி. முற்றிலும் விலகினால் விளக்கம் கேட்கப்படும்."

ராஜமதி எழுந்து நின்றாள். கேட்கலாமா கூடாதா என்று தெரியாத முகத்தோடுதான் கேட்டாள். "சார், எல்லாரும் மாதிரி போலவே எழுதினா அது கற்பனைங்களா?"

ஆதிமூலம் கோபப்படவில்லை. கனிவாகச் சிரித்தார். "அம்மா, மாவட்டம் முழுக்க ஒரே கற்பனை வந்தாத்தான் திட்டம் வெற்றின்னு மேல காட்ட முடியும். ஆளாளுக்கு ஒண்ணு கற்பனை பண்ணிட்டு வந்தா நான் எப்படிக் கூட்டிப் போடுவேன்?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது ராஜமதிக்கு.

முதல் வாரத் தலைப்பு 'நான் கப்பலில் சென்றால்'. பள்ளியில் யாரும் கடலையே பார்த்ததில்லை. ஒரு பையன், கப்பல் செங்கத்தில் ஐந்து நிமிஷம் டீக்கு நிற்கும் என்று எழுதியிருந்தான். அதற்குப் பாதி மதிப்பெண். அடுத்த வாரம் 'நான் நிலவில் வாழ்ந்தால்'. பௌர்ணமிக்குப் பௌர்ணமி கடை போடுகிற வீட்டுப் பெண் ஒருத்தி, நிலாவிலேயே குடியிருந்தால் தினமும் பௌர்ணமி, தினமும் வியாபாரம் என்று எழுதினாள். ராஜமதி படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தாள். ஆனால் மாதிரிக் கற்பனையில் வியாபாரம் இல்லை. அதற்கும் பாதிதான் போட முடிந்தது.

மூன்றாவதாக வந்தது 'மலை பேசினால்'.

சைக்ளோஸ்டைல் காகிதத்தில் மாதிரிக் கற்பனை இப்படி இருந்தது: 'மலை என்னைப் பார்த்து, மாணவச் செல்வமே, நன்றாகப் படி. மரம் நடு. சிறுசேமிப்பில் சேர். பெரியோர் சொல் கேள் என்று கம்பீரமாகக் கூறும்.' அதற்குக் கீழே, இந்த முறை புதிதாக ஒரு குறிப்பும் இருந்தது. 'ஒவ்வொரு பள்ளியும் மாதிரியிலிருந்து வேறுபட்ட ஒரு சொந்தக் கற்பனையைத் தேர்ந்து அனுப்புக. சிறந்ததற்கு மாவட்டப் பரிசு.' சென்னையிலிருந்து வந்த யாரோ, எல்லாக் கட்டுரையும் ஒரே மாதிரி இருப்பதைப் பார்த்துக் கேள்வி கேட்டிருக்க வேண்டும்.

ராஜமதிக்கு உற்சாகம் வந்துவிட்டது. புதன்கிழமை மூன்றாவது பீரியடில் ஏழாம் வகுப்புக்குப் போய், மாதிரிக் கற்பனையை மடித்து மேஜை டிராயருக்குள் வைத்தாள். சன்னலை நன்றாகத் திறந்துவிட்டாள். வெளியே மலை மொட்டையாக நின்றது.

"இதோ பாருங்க, இந்த மலைதான். இது உங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் பேசினா நெஜமா என்னா சொல்லும்? உங்களுக்குத் தோணறத எழுதுங்க. உங்க வீட்டுல பேசற மாதிரியே எழுதலாம்."

பிள்ளைகள் முதலில் நம்பவில்லை. பிறகு எழுத ஆரம்பித்தார்கள். கடைசி பெஞ்சில் உட்காரும் பொன்னி என்கிற பெண், வகுப்பில் வாய் திறக்காதவள், தலையை நிமிர்த்தாமல் எழுதினாள். அவள் எழுதியது இது:

'மலை பேசினால் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடும். பொன்னி, செருப்பு போட்டுக்கினு ஏறாதேன்னு எல்லாருக்கும் சொல்றாங்க, உனக்குத்தான் செருப்பே இல்லையே, நீ தாராளமா ஏறு என்று சொல்லும். உங்க அம்மா காய்ஞ்ச குச்சியதான் ஒடிக்குது, பச்சைய தொடல, அது எனக்குத் தெரியும், ஆனா சாட்சி சொல்ல வர முடியாது, எனக்குக் கால் இல்லை என்று சொல்லும். நீங்க கீழ இறங்கும்போது கார்டு மாமா ஒரு கட்டு எடுத்துக்கறாரு. அது உங்க கட்டும் இல்ல, அவரு கட்டும் இல்ல, என் கட்டு. ஒரு நாளாவது என்னைக் கேட்டாரா? ஊரே என்னைச் சுத்தி வருது, யாரும் என்னை ஒண்ணும் கேக்கறதில்ல என்று சொல்லும். அப்பறம் பேசாம இருந்துடும்.'

ராஜமதி இதைப் படித்தபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. ஆசிரியை ஆனதற்கு இந்த ஒரு பக்கம் போதும் என்று தோன்றியது. தலைமையாசிரியரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். தசரதன் கையெழுத்துப் போட வேண்டிய இடத்தைப் பார்த்துப் போட்டார். கட்டுரை அரிசி மண்டி மாடியில் இருந்த திட்ட அலுவலகத்துக்குப் போனது.

பத்துப் பன்னிரண்டு நாளில் ஆதிமூலம் ஜீப்பில் வந்து இறங்கினார்.

"இந்தக் கட்டுரையில மூணு பிரச்சினை இருக்குது" என்றார் தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே. தசரதன் நின்றார். ராஜமதியும் நின்றாள். "முதலாவது, மலை கொச்சையா பேசுது. எங்க மாதிரியில மலை எவ்வளவு கம்பீரமா செந்தமிழ்ல பேசியிருக்கு? இங்க 'போட்டுக்கினு'ங்குது. இவ்ளோ பெரிய மலை 'போட்டுக்கினு'ன்னு சொல்லுமா?"

"பொண்ணுகிட்ட பேசறதால அதுக்குப் புரியற மாதிரி..." என்று இழுத்தாள் ராஜமதி.

"ரெண்டாவது பிரச்சினை பெரிசு. இந்த ஊர்ல மலைதான் சாமி. சாமி இன்னது சொல்லிச்சுன்னு ஏழாங்கிளாஸ் புள்ள எழுதி, அதை அரசாங்கம் பரிசு குடுத்து ஒத்துக்கிட்டா, நாளைக்கு என்ன ஆகும்? சாமி சொன்னதா இல்லையான்னு கோயில் ஆபீஸ்லதான் கேக்கணும். கேட்டு எழுதியிருக்கேன்."

"தலைப்பு நீங்கதானுங்களே சார் குடுத்தீங்க?"

"தலைப்பு குடுத்தேன். பேச விடச் சொன்னேனா?"

மூன்றாவது பிரச்சினை என்ன என்று அவர் சொல்லாமலே போய்விட்டார். கோயில் ஆபீசிலிருந்து வந்த பதிலை தசரதன் ஒரு வாரம் கழித்து ராஜமதிக்குக் காட்டினார். 'மலை எமக்குத் தெய்வம். ஆயினும் விறகு, குச்சி, கட்டு ஆகியவை குறித்து மலை தெரிவித்த கருத்துகள் ஆன்மிகம் சார்ந்தவை அல்ல என்பதால், அவை காட்டிலாகாவின் அதிகார வரம்பில் வருகின்றன. மேலும் தெய்வம் பேசியிருப்பின் அது முதலில் இவ்வலுவலகத்துக்கே தெரிந்திருக்கும்.'

"இதை இத்தோட விட்டுடச் சொல்லுங்க சார்" என்றாள் ராஜமதி. "கட்டுரைய திருப்பி வாங்கிடலாம். பரிசும் வேணாம், ஒண்ணும் வேணாம்."

தசரதன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கேட்டுப் பார்த்தேம்மா. அனுப்பின கற்பனைய திருப்பி வாங்கறதுக்கு ரூல் இல்லையாம். நான் ரிட்டயர் ஆகறவரைக்கும் இந்த மலை சும்மா இருந்தா போதும்னு கும்பிட்டுக்கினு இருக்கேன்."

கட்டுரை காட்டிலாகாவுக்குப் போனது.

காட்டிலாகாவில் அப்போது ஒரு சிக்கல் இருந்தது. புது மாவட்டத்துக்குப் பதிவேடுகளை ஒப்படைத்தபோது, மலையில் இருக்க வேண்டிய மரங்களையும் இருக்கிற மரங்களையும் ஒத்துப் பார்க்கச் சொன்னார்கள். காகிதத்தில் ஜாஸ்தி, மலையில் கம்மி. நாலைந்து முறை நட்டதாகக் காகிதம் சொன்ன கன்றுகளும் மலைக்கு வந்து சேர்ந்த தடயம் இல்லை. மரங்கள் எங்கே என்று மேலிடம் கேட்டுக்கொண்டிருந்த நேரத்தில்தான், 'உங்க அம்மா காய்ஞ்ச குச்சியதான் ஒடிக்குது' என்ற வரி, அரசு முத்திரையோடு, ஒரு தலைமையாசிரியரின் கையெழுத்தோடு வந்து சேர்ந்தது.

அடுத்த நாள் காலை, பொன்னியின் அம்மா காசியம்மாள் தலையில் விறகுக் கட்டோடு மலையிலிருந்து இறங்கும்போது, அடிவாரத்தில் காட்டிலாகா ரேஞ்சரும் வனக் காவலரான கார்டும் நின்றிருந்தார்கள். வழக்கமாகக் கார்டு மட்டும்தான் நிற்பார். காசியம்மாள் வழக்கம்போல அவர் கட்டைத் தனியாக எடுத்து ஓரமாக வைத்தாள். கார்டு அதைப் பார்க்காத மாதிரி வானத்தைப் பார்த்தார். ரேஞ்சர் பொன்னியின் கட்டுரையை வாசித்துக் காட்டிவிட்டு எல்லாக் கட்டையும் பறிமுதல் செய்தார். கொடுவாளையும் வாங்கிக்கொண்டார்.

மத்தியானம் சாப்பாட்டு மணி அடித்த சமயத்தில் காசியம்மாள் பள்ளிக்கூடத்து வாசலில் வந்து நின்றாள். ராஜமதி அதுவரை அவளைப் பார்த்ததில்லை. ஒல்லியாக, காதில் ஒன்றுமில்லாமல், தலையில் சும்மாட்டுத் துணியை இன்னும் எடுக்காமல் இருந்தாள்.

"நீங்கதான் தமிழ் டீச்சரம்மாவா?"

"ஆமாம்மா. உள்ள வாங்க."

"உள்ள எதுக்கு. ஒண்ணு கேட்டுட்டுப் போறேன். எங்கூட்டு சமாசாரத்த எழுதச் சொல்லித்தான் பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுக்கறீங்களா?"

"இல்லம்மா. மலை பேசினா என்னா சொல்லும்னுதான் கேட்டேன். கற்பனைக் கட்டுரை."

"மலை என்னா சொல்லும்?" காசியம்மாளின் குரல் உயரவில்லை. அதுதான் ராஜமதிக்குத் தாங்கவில்லை. "எங்கம்மா காலத்துலேர்ந்து அதும்மேல ஏறி எறங்கிக்கினு இருக்கோம். எத்தினி பேர் எத்தினி வேலை பண்றான் அங்க. இதுவரைக்கும் யாரையாவது காட்டிக் குடுத்திருக்குதா அந்த மலை?"

பொன்னி வகுப்பு வாசலில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். அம்மா அவளைப் பார்த்தாள். திட்டவில்லை. "சாப்டியா?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே ராஜமதி பஸ் ஏறி ரேஞ்சரைப் பார்க்கப் போனாள். ரேஞ்சர் நல்ல மனிதர். டீ வரவழைத்தார்.

"அது குழந்தை எழுதின கற்பனைங்க சார். அதை வெச்சி கேஸ் போடலாமா?"

"எனக்கும் தெரியும் டீச்சர். ஒரு பொம்பள காய்ஞ்ச குச்சி ஒடிச்சி மலை மொட்டையாகாது. ஆனா மேல கேக்கறாங்க. யானை வந்து தின்னுட்டுப் போச்சுன்னு எழுதலாம்னு பார்த்தோம். இந்தப் பக்கம் காட்டு யானை இல்ல. ஒரு ஆள் வேணும். எட்டு வருஷமா காணாம போன மரத்துக்கெல்லாம் இப்ப ஒரு பேர் கெடைச்சிருக்குது."

"அதே கட்டுரையில உங்க கார்டும் இருக்காருங்களே சார்?"

ரேஞ்சர் டீ கிளாசைக் கீழே வைத்தார். "அதைத்தான் நாங்களும் யோசிச்சிக்கினு இருக்கோம். அந்த எடம் மட்டும் கொஞ்சம் இடிக்குது."

இடிக்கிற இடத்தைச் சரிசெய்ய ஒரு கூட்டுக் குழு அமைக்கப்பட்டது. குழு கூடுவதற்குப் புது மாவட்டத்தில் அறை கிடைக்காததால், ஏழாம் வகுப்பிலேயே கூடுவது என்று முடிவானது. பிள்ளைகளைப் புளியமரத்தடிக்கு அனுப்பிவிட்டார்கள். ஆதிமூலமும் ரேஞ்சரும் தசரதனும் பெஞ்சுகளில் உட்கார்ந்தார்கள். பெஞ்சு சின்னப் பிள்ளைகளுக்கானது. முழங்கால் மேஜையில் இடித்தது. ஆதிமூலம் முழங்காலைப் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு ஆரம்பித்தார்.

"விஷயம் இதுதான். கட்டுரை முழுக்க உண்மைன்னு வெச்சுக்கிட்டா, அரசு ஊழியர் ஒருத்தர் விறகு வாங்கறாருன்னு ஆகுது. அது நமக்கு அவமானம். முழுக்கக் கற்பனைன்னு வெச்சுக்கிட்டா, அந்தம்மா மேல போட்ட கேஸ் நிக்காது. அது ரேஞ்சர் சாருக்குக் கஷ்டம். ரெண்டு இலாகாவும் நல்லா இருக்கணும். அதுக்குத்தான் குழு."

பொன்னியை உள்ளே கூப்பிட்டார்கள். அவள் வந்து கரும்பலகை ஓரம் நின்றாள்.

"பாப்பா, மலை உன்கிட்ட பேசிச்சா?"

"இல்லைங்க சார். பேசினான்னுதான போட்டிருந்தாங்க."

"சபாஷ். அப்ப இதெல்லாம் கற்பனை."

"ஆமாங்க சார்."

"கார்டு மாமா கட்டு எடுத்துக்கறதும் கற்பனைதான?"

பொன்னி ராஜமதியைப் பார்த்தாள். ராஜமதி தலையை ஆட்டுவதா கூடாதா என்று தெரியாமல் நின்றாள். ஆமென்றால் பிள்ளையைப் பொய் சொல்ல வைத்ததாகும். இல்லையென்றால் என்ன ஆகும் என்று யோசிக்கவே பயமாக இருந்தது.

"அது மலை பேசலன்னாலும் எடுத்துக்குவாருங்க சார்" என்றாள் பொன்னி.

ஆதிமூலம் குறிப்பில் எழுதிக்கொண்டார்: 'குழந்தைக்கு உண்மைக்கும் கற்பனைக்கும் வேறுபாடு தெரியவில்லை. பயிற்சி தேவை.' பிறகு ஓர் அடிஸ்கேலும் சிவப்புப் பென்சிலும் கேட்டார். தசரதன் ஓடிப்போய் எடுத்துவந்தார். கட்டுரையை மேஜையில் விரித்து, 'பச்சைய தொடல' என்ற இடத்துக்கு முன்னால் ஒரு கோடு, 'நீங்க கீழ இறங்கும்போது' என்ற இடத்தில் இன்னொரு கோடு போட்டார்.

"அம்மா குச்சி ஒடிக்கறது வரைக்கும் உண்மை. பச்சைய தொடலங்கறது ஆதாரமில்லாத கூற்று, அதை எடுத்துடலாம். சாட்சி சொல்ல வர முடியாதுன்னு மலையே ஒத்துக்கிச்சு. கார்டு வர்ற பகுதி இருக்குதே, அது கற்பனை. சாதாரணக் கற்பனை இல்ல, உயர்ந்த கற்பனை."

"சார்" என்றாள் ராஜமதி. தன் குரல் இவ்வளவு சத்தமாக வரும் என்று அவளே எதிர்பார்க்கவில்லை. "ஒரே பிள்ளை, ஒரே மூச்சுல எழுதினதுங்க. மேல பாதி உண்மை, கீழ பாதி கற்பனைன்னு எப்படிங்க சொல்லுவீங்க?"

"அதைச் சொல்லத்தானேம்மா எங்களுக்குச் சம்பளம்" என்றார் ஆதிமூலம், உண்மையிலேயே அவளுக்குப் புரியவைக்கிற ஆர்வத்தோடு. "ஒவ்வொருத்தரும் அவங்கவங்களே தீர்மானிச்சுக்கலாம்னா இலாகா எதுக்கு?"

ரேஞ்சர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தசரதன் கையெழுத்துப் போட்டார்.

தீர்ப்பு இரண்டாக வந்தது. காசியம்மாள் இனி மலையில் கால் வைக்க மாட்டேன் என்று எழுதிக் கைநாட்டு வைக்க வேண்டும். எட்டு வருஷமாகக் காணாமல் போன மரங்கள் 'காசியம்மாள் மற்றும் சிலர்' பெயரில் எழுதப்பட்டன. மற்றும் சிலர் யார் என்று யாரும் கேட்கவில்லை. இரண்டாவதாக, மாவட்டத்தின் முதல் கற்பனைப் பரிசு பொன்னிக்கு.

பரிசு விழா அதே கல்யாண மண்டபத்தில். காசியம்மாள் கைநாட்டு வைக்க வேண்டிய அலுவலகம் மண்டபத்தின் பின்கட்டில் இருந்ததால், அம்மாவும் மகளும் ராஜமதியோடு ஒரே பஸ்ஸில் போனார்கள். ராஜமதி பொன்னிக்குத் தன் செலவில் ரிப்பன் வாங்கிக் கட்டிவிட்டிருந்தாள். செங்கம் ரோட்டில் வெளிநாட்டுக்காரர்களுக்கு ரூம் விடுகிற வீடு ஒன்றில் கூட்டித் துடைக்க ஆள் தேடுகிறார்கள் என்று ராஜமதி விசாரித்து வைத்திருந்தாள். அதைச் சொன்னாள். "சரிங்க" என்றாள் காசியம்மாள். அந்த 'சரிங்க'வில் நன்றியா, கோபமா, எதுவுமில்லையா என்று ராஜமதியால் கண்டுபிடிக்க முடியவில்லை.

மண்டபத்தில் கூட்டம். பின்கட்டு அடுப்பில் டீ கொதித்துக்கொண்டிருந்தது. பறிமுதல் செய்த விறகு நனைந்து வீணாகிறதே என்று காட்டிலாகா அதை விழாவுக்குக் கொடுத்து உதவியிருந்தது. காசியம்மாள் அதைத் தாண்டித்தான் கைநாட்டு வைக்கப் போக வேண்டியிருந்தது. ஒரு கணம் நின்று அடுப்பைப் பார்த்தாள். பிறகு போனாள்.

மேடையில் ஆதிமூலம் மைக்கைத் தட்டினார்.

"பெரியோர்களே! ஓர் அரசுக் காவலர் ஏழையிடம் விறகுக் கட்டு வாங்கிக்கொள்கிறார் என்று ஒரு குழந்தை கற்பனை செய்கிறது. நம் மாவட்டத்தில் நடக்கவே முடியாத ஒன்றை இவ்வளவு தத்ரூபமாக நினைத்துப் பார்ப்பதற்கு எப்பேர்ப்பட்ட மனம் வேண்டும்! திட்டம் தொடங்கும் முன் இந்தப் பிள்ளைகளால் இப்படி நினைத்துப் பார்க்க முடிந்ததா? இதைச் சாத்தியமாக்கியது எது? நம் தூண்டுகோல்!"

பொன்னியை மைக் முன்னால் நிறுத்தினார்கள். உயரம் போதாமல் ஒரு ஸ்டூல் கொண்டுவந்து ஏற்றினார்கள். அவள் கையில் சிவப்புக் கோடு போட்ட காகிதம். கீழ்ப்பாதியை மட்டும் படிக்கச் சொல்லியிருந்தார்கள். அவள் படித்தாள். 'கார்டு மாமா ஒரு கட்டு எடுத்துக்கறாரு' என்ற இடம் வந்தபோது கூட்டம் சிரித்துக் கைதட்டியது. முன்வரிசையில் காக்கி உடுப்போடு உட்கார்ந்திருந்த கார்டும் சிரித்தார். எல்லாரையும்விட அதிக நேரம் கைதட்டினார்.

ராஜமதி எழுந்துவிட்டாள். அவளுக்கே தெரியாமல் எழுந்துவிட்டாள். இரண்டாவது வரிசையில், ஆசிரியைகளுக்கு நடுவே, கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"அது கற்பனை இல்லைங்க!" என்றாள். "நெஜம்! அந்தக் குழந்தை எழுதினது அத்தனையும் நெஜம்! இதோ இங்கதான் உக்காந்திருக்காரு அவரு!"

தசரதன் தலையைக் குனிந்துகொண்டார். ரேஞ்சர் அசையவில்லை. கார்டின் கைகள் தட்டுகிற நிலையிலேயே நின்றன.

ஆதிமூலத்துக்கு ஒரு விநாடிதான் தேவைப்பட்டது. இரு கைகளையும் விரித்துக்கொண்டு மைக்கில் சொன்னார்:

"பாருங்கள்! பாடம் நடத்திய ஆசிரியையே உண்மை என்று நம்பிவிடும் அளவுக்கு இருக்கிறது இந்தக் குழந்தையின் கற்பனை! இதைவிட வெற்றி வேறென்ன வேண்டும்!"

மண்டபம் அதிர்ந்தது. பின்வரிசைக்காரர்கள் எழுந்து நின்று தட்டினார்கள். பக்கத்து ஆசிரியை ராஜமதியின் கையைப் பிடித்து, "நல்லா நடிச்சீங்க டீச்சர், எங்களுக்கு முன்னாடியே சொல்லக் கூடாதா?" என்றாள். ராஜமதி ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். சத்தத்தில் அவளுக்கே கேட்கவில்லை. உட்கார்ந்தாள். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

பொன்னிக்கு ஒரு எவர்சில்வர் டம்ளரும் சான்றிதழும் கொடுத்தார்கள். அவள் ஸ்டூலிலிருந்து இறங்கி நேராக ராஜமதியிடம் வந்து, அவற்றை அவள் மடியில் வைத்துவிட்டுப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

இருவரும் வெளியே வந்தபோது, காசியம்மாள் வாசல் படிக்குக் கீழே காத்திருந்தாள். கட்டைவிரல் நீலமாக இருந்தது. புடவையில் துடைத்தும் போகவில்லை.

"ஏன் டீச்சரம்மா, உள்ள அம்மாம் கைதட்டு? பின்னாடி வரைக்கும் கேட்டுது."

"உங்க பொண்ணு படிச்சதுக்குத்தாம்மா."

"என்னா படிச்சா?"

ராஜமதி தயங்கினாள். "கார்டு கட்டு எடுத்துக்கறத."

காசியம்மாள் மகளைப் பார்த்தாள், மண்டப வாசலைப் பார்த்தாள், திரும்ப ராஜமதியைப் பார்த்தாள். அவள் முகத்தில் கோபம் இல்லை, கணக்குப் புரியாத பிள்ளையின் முகம்தான் இருந்தது.

"நெஜத்த சொன்னதுக்கா தட்டுனாங்க?" என்றாள். "அப்ப ஏன் எங்கிட்ட கைநாட்டு வாங்குனாங்க?"

ரோட்டுக்கு அந்தப் பக்கம் செங்கம் ரோடு டவுன் பஸ் வந்து நின்றது. கண்டக்டர் விசில் கொடுத்துவிட்டான். ஓடிப்போய் மூவரும் ஏறிக்கொண்டார்கள்.